காதில் விழாத வரை

ஆகஸ்ட் 3, சனி

ஜப்பானில் நுமகாமி என்கிற மலையூருக்கு வந்து சேர்ந்தோம். மகள் வேணி, தான் குடியிருக்கும் செந்தாய் நகரத்திலிருந்து காரில் கூட்டிவந்தாள். மூன்றரை மணி நேரம், அதில் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க மலை வளைவு. ஊர் என்றால் பத்துப் பன்னிரண்டு வீடு, நாலு விடுதி, ஒரு தபால் பெட்டி, நடுவில் ஆவி பறக்க ஓடும் ஒரு வெந்நீர் ஓடை. காற்று முழுக்கக் கெட்டுப்போன முட்டை வாடை. கந்தகமாம். பிறந்ததிலிருந்து முட்டை தொடாதவனை இந்த வாடைக்குள் பதினைந்து நாள் இருக்கச் சொல்கிறாள் மகள்.

எல்லாம் என் மனைவி உலகம்மாளின் முழங்காலுக்காக. இங்கே ஜனங்கள் கோடையில் வந்து தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை வெந்நீரில் கிடப்பார்களாம். இரண்டு வாரத்தில் மூட்டு வாதம் இறங்கும் என்கிறார்கள். பார்க்கலாம்.

கிளம்பும்போது வேணி என்னைக் கார் பக்கம் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா பதினெட்டாம் தேதி உங்ககூட வரலைன்னு சொல்லுதா. விசா இருக்க வரைக்கும் எங்கூட இருப்பாளாம். அக்டோபர்ல கோவில்பட்டி போயி சித்தி வீட்டோட இருந்துக்குவாளாம்."

"யாரைக் கேட்டு?"

"இந்தப் பேச்சுதான் வேண்டாங்கேன். ரெண்டு வாரம் இருக்கு. நீங்களே பேசிக்கோங்க."

முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியாயிற்று. இரண்டு டிக்கெட்டும் என் பையில்தான் இருக்கின்றன. அவளைக் கூட்டிக்கொண்டுதான் அம்பாசமுத்திரம் போவேன்.

அணைக்கட்டில் முப்பத்தொரு வருஷம் தினமும் காலை ஆறு மணிக்கு நீர்மட்டம் எழுதிய கை இது. எதையாவது எழுதாவிட்டால் எனக்கு நாள் முடியாது.

ஆகஸ்ட் 4

ஆண்களுக்கு ஒரு தொட்டி, பெண்களுக்கு ஒரு தொட்டி. இரண்டிலும் பிறந்த மேனியாகத்தான் இறங்க வேண்டும். துண்டின் நுனிகூடத் தண்ணீரில் படக் கூடாது. நான் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே கழுத்தளவு தண்ணீரில் தகேதா என்றொரு விவசாயி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். என் இடுப்பைக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் மரியாதையாக ஆட்டினார். திரும்பி வந்துவிட்டேன்.

உலகம்மாள் அதற்குள் இரண்டு தடவை குளித்தாகிவிட்டது. கூடப் பிறந்த தங்கச்சி முன்னால்கூடச் சேலை மாற்றாதவள்.

"எப்படிப் போனே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போனாங்க. போனேன்."

அவ்வளவுதான் பதில். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

ஆகஸ்ட் 5

நீர் 43 டிகிரி. தொட்டி ஓரத்தில் மரச்சட்டம் போட்ட வெப்பமானி மிதக்கிறது. பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன். இறங்கவில்லை.

ஆகஸ்ட் 6

இறங்கிவிட்டேன். தண்ணீர் கழுநீர் மாதிரி வெண்மையாக இருக்கிறது. இறங்கிய பிறகு ஒன்றும் தெரிவதில்லை. முன்பே சொல்லியிருக்கலாம்.

இரண்டு தொட்டிக்கும் நடுவில் பலகைச் சுவர். மேலே கூரைக்கும் பலகைக்கும் இடையில் ஓரடி இடைவெளி, ஆவி போவதற்கு. அந்த வழியாகப் பெண்கள் பக்கத்துப் பேச்சு கேட்கிறது. தகேதாவின் மனைவி ஏதோ ஜப்பானியத்தில் சொன்னாள். உடனே ஒருத்தி சிரித்தாள். மூச்சு முட்டுகிற மாதிரி, விட்டுவிட்டு, அடங்காத சிரிப்பு. யாரோ என்று முதலில் நினைத்தேன். உலகம்மாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை பாஷை தெரியாத மனுஷியிடம் என்ன புரிந்து சிரித்தாளோ. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதிகம் பேசுகிறவள் இல்லை என்று முந்தாநாள் எழுதியது தவறு. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று முப்பத்தொரு வருஷம் மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 7

நீர் 43. பொதுச் சமையலறையில் உலகம்மாள் ரசம் வைத்தாள். தகேதாவின் மனைவி ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துக் கண் கலங்கி, பதிலுக்குத் தன் தோட்டத்துக் கத்தரிக்காய் ஆறு கொடுத்தாள். விடுதிக்கார அம்மாள் தொமோகோ தன் போனில் தமிழும் ஜப்பானியமும் மாற்றிச் சொல்கிற வசதியை வைத்திருக்கிறாள். அது 'இந்தச் சூப் கோபமாக இருக்கிறது' என்றது. எல்லாருக்கும் சிரிப்பு.

எல்லாரும் போன பிறகு, நல்ல நேரம் என்று நினைத்துப் பேச்சை எடுத்தேன்.

"டிக்கெட் ரெண்டு பேருக்கும்தான் போட்டிருக்கு."

"வேணிகிட்டச் சொல்லிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லலியே?"

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லணுமா?"

நான் வெளியே வந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9

அவள் என்ன நினைத்து அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அப்போதுதான் என் பக்கமும் புரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம் பதினாறாம் தேதி, புதன்கிழமை, எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டுக் கட்டிய வீடு. நானூறு பேருக்கு அழைப்பு. திங்கட்கிழமை காலை உலகம்மாளின் தம்பி குத்தாலிங்கம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். போன் எனக்குத்தான் வந்தது. அப்போது அவளுக்குத் தனி போன் கிடையாது.

சொன்னால் மூன்று நாள் தீட்டு. முகூர்த்தம் போய்விடும். அதை விட்டால் ஐப்பசி மாதம்தான். காதில் விழாத வரை தீட்டு இல்லை என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். கல்யாண வீட்டில் செய்யவில்லையா, காது குத்து வீட்டில் செய்யவில்லையா? நானாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. தம்பி வீட்டுக்கு ஆள் விட்டு, புதன்கிழமை வரை மூச்சு விட வேண்டாம் என்று சொன்னேன். வாசலுக்கு வாழைமரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை சாயங்காலம் சுடுகாட்டுக்குப் போனேன். ஆற்றில் முழுகிவிட்டு, வாழைமரத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை அரக்குப் பட்டுக் கட்டி, பால் காய்ச்சி, பந்தி பந்தியாக விசாரித்தாள். நடுநடுவே வாசலுக்குப் போய்த் தெருக்கோடியைப் பார்த்தாள். தம்பி சீர் கொண்டுவர வேண்டும் அல்லவா. "ஏன் இன்னும் காணோம்?" என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்றேன். சாப்பிட உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது, இப்போதுதான் தகவல் வந்தது என்றேன். புது வீட்டில் அழ வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். மறுநாள் அவள் போனபோது, தம்பியின் சாம்பலைக்கூட ஆற்றில் கரைத்துவிட்டிருந்தார்கள். குத்தாலிங்கத்தின் மனைவியைச் சொல்லி, உன் மதினிதான் சொல்லாமல் விட்டுவிட்டாள், எனக்கும் நேற்றுத்தான் தெரியும் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. காபி, மாத்திரை, கரண்ட் பில், இவ்வளவுதான் அதற்கப்புறம்.

எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். என் பக்கம் புரியும் என்று ஆரம்பித்தேன். அப்படி ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 10

நீர் 42. பகல் முழுக்க மழை.

ஆகஸ்ட் 11

தகேதாவும் அவர் மனைவியும் ஒன்றாகக் குளிக்க வருவார்கள், ஒன்றாகத்தான் திரும்புவார்கள். போதும் என்று தோன்றியதும் அவர் பலகைச் சுவரைப் பார்த்து, "ஓய், நான் ஏறுறேன்" என்கிற மாதிரி ஏதோ குரல் கொடுப்பார். அந்தப் பக்கத்திலிருந்து 'சரி' என்கிற அர்த்தத்தில் "ஹாய்" என்று பதில் வரும். ஒருவருக்காக ஒருவர் வெளியே காத்து நிற்க வேண்டாம் என்பதற்காக இப்படியாம். இந்த ஊரில் எல்லாத் தம்பதியும் செய்வது என்று தொமோகோ சொன்னாள்.

இன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, நானும் குரல் கொடுத்தேன். "உலகு, நான் ஏறுதேன்."

 தண்ணீர் சலசலக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அவள் அங்கேதான் இருந்தாள். தகேதா என்னைப் பார்க்காத மாதிரி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

ஆகஸ்ட் 13

இன்று முதல் நான்கு நாள் இவர்களுக்கு இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். நம் ஊர் மகாளய அமாவாசை மாதிரி. வழி தெரிய வேண்டும் என்று அந்தி சாயும் நேரத்தில் வாசலில் நெருப்பு வைக்கிறார்கள். விடுதி வாசலில் தொமோகோ ஒரு மண்தட்டில் உலர்ந்த சணல் தண்டுகளை அடுக்கினாள். தகேதா தம்பதி, நாங்கள் இருவர், இன்னும் நாலைந்து பேர் சுற்றி நின்றோம்.

தொமோகோ போனில் பேசி எங்கள் பக்கம் நீட்டினாள். 'உங்கள் வீட்டில் இறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைக்கலாம்' என்றது போன்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் உலகம்மாள் சொன்னாள். "என் தம்பி. குத்தாலிங்கம்."

ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை.

'எப்போது இறந்தார்?' என்றது போன்.

"அது எனக்குத் தெரியாது," என்றாள். "அவங்களைக் கேளுங்க."

போன் அதையும் ஜப்பானியத்தில் கணீரென்று சொல்லி முடித்தது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புதன்கிழமைதான் தெரியும் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஒன்பது வருஷமாகச் சொல்லிப் பழகியது. ஆனால் கையில் தீக்குச்சியோடு அந்த அம்மாள் காத்திருக்கிறாள்.

"ஆவணி பதினாலு. திங்கட்கிழமை. காலையில ஒம்பது நாப்பது," என்றேன்.

தொமோகோ தலை குனிந்து தீயை வைத்தாள். சணல் சடசடவென்று பிடித்து இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 14

நீர் 43. தெளிவான வானம்.

காலையில் காபியை வைத்துவிட்டு அவள் போகாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க சுடுகாட்டுல நின்னதை மறுவாரமே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. மதினி மேல பழி போட்டீங்களே, அவ அழுதுக்கிட்டே எங்கிட்ட வந்து நின்னா. உங்க வாயால ஒரு நாள் வரும், வரும்னு இருந்தேன்."

நான் எடுத்த காபியைத் திரும்பக் கீழே வைத்தேன்.

"நேத்து வந்துட்டு. அத்தனை பேர் முன்னாடி." அந்தக் காபியை என் பக்கம் தள்ளினாள். "பதினெட்டாம் தேதி நானும் வாரேன். வேணிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

பகல் முழுக்கப் பேசினாள். மடை திறந்த மாதிரி பேசினாள். தம்பி சின்ன வயதில் தாமிரபரணியில் மூழ்கப் போனது, இவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தது, அடிக்கு பயந்து இருவரும் ஈரத்தோடு வயலில் உட்கார்ந்திருந்தது. நானும் சிரித்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு ஆறுதல் என்னன்னா, அவன் சட்டுன்னு போயிட்டான். யாரையும் தேடக்கூட நேரம் இருந்திருக்காது. எங்க எங்க அக்கான்னு தேடியிருந்தாம்னா என்னால தாங்க முடியாது."

தட்டை வாங்கி அடுக்கினேன். 

ஒன்பதாம் தேதி எழுதியதில் ஒரு நாளை விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குத்தாலிங்கமே எனக்குப் போன் பண்ணினான், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. அக்காவைப் பார்க்க வேண்டும் என்றான். ஒரு மணி நேரப் பஸ் பயணம். அன்றைக்குத்தான் சமையல்காரருக்குச் சாமான் லிஸ்ட் கொடுக்கிற நாள். வியாழக்கிழமை கூட்டிவருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் போன் வந்தது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் மனைவிக்கே தெரியாது.

தீட்டு, முகூர்த்தம், வழக்கம், எதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாது. அன்றைக்கு அவன் உயிரோடு இருந்தான்.

அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆகஸ்ட் 15

காலையில் பார்த்தால் அவள் தன் துணிகளை மடித்து என் பெட்டியிலேயே ஒரு பக்கமாக வைத்திருக்கிறாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் குளிக்கப் போனோம். என் பக்கம் தகேதா மட்டும். அவள் பக்கம் தகேதாவின் மனைவி மட்டும். உலகம்மாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தானாக, "தண்ணி இன்னைக்குச் சூடு கூட, பாத்து இறங்குங்க" என்றாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. முகத்துக்கு நேரே இருந்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. நடுவில் ஒரு பலகை இருந்ததால் சொன்னேன். கோழைதான் நான்.

"உலகு, திங்கட்கிழமைக்கு முன்னால ஞாயித்துக்கிழமை ஒரு போன் வந்துச்சு. தம்பிதான் பண்ணினான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, சாமான் லிஸ்ட், வியாழக்கிழமை. பாதியில் தகேதா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவள் குரல் வந்தது. "அவன் என்ன சொன்னான்? சொன்ன வார்த்தையைச் சொல்லுங்க."

"'அத்தான், அக்காவை ஒரு எட்டுக் கூட்டியாரீங்களா, பாக்கணும் போல இருக்கு'ன்னான்."

"நீங்க வியாழக்கிழமைன்னு சொன்னதுக்கு?"

"'சரி அத்தான். விசேஷம் நல்லா நடக்கட்டும்'னான்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன்.

அதற்கப்புறம் அவள் அழுதாள். அன்றைக்குப் புது வீட்டில் அழக் கூடாது என்று நான் நிறுத்திய அழுகை. தம்பீ, தம்பீ என்று வாய்விட்டு. தகேதாவின் மனைவி என்னவோ சொல்லிச் சொல்லித் தேற்றுகிற சத்தமும் கேட்டது. தகேதா எழுந்தார். சுவரைப் பார்த்து வழக்கமான குரல் கொடுக்கவில்லை. சத்தம் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 16

இன்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நாள். அதே இடத்தில், அதே மாதிரி தீ.

அவள் அந்தி நேரத்தில் படியிறங்கும்போது நானும் எழுந்தேன். "நீங்க உள்ள இருங்க," என்றாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தொமோகோ தீக்குச்சியை அவள் கையில் கொடுத்தாள். உலகம்மாள் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தே விட்டாள். தீ அணைந்து, மற்றவர்கள் உள்ளே வந்த பிறகும் சாம்பலைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை.

மேலே வந்ததும் பெட்டியைத் திறந்து தன் துணிகளை எடுத்தாள்.

"நேத்து நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் வந்திருப்பேன்," என்றாள். "சொன்னது நல்லதுதான். ஆனா வர முடியாது."

"சரி," என்றேன்.

ஆகஸ்ட் 18

விமானத்தில் எழுதுகிறேன்.

உலகம்மாள் செந்தாயில் வேணி வீட்டு வாசல் வரைதான் வந்தாள். ஒரு மாதத்துக்கு மாத்திரைகளைப் பிரித்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி, காலை, ராத்திரி என்று எழுதிக் கொடுத்தாள். கேஸ் புத்தகம் எந்த அலமாரியில், பால்காரருக்கு யாரிடம் சொல்ல வேண்டும், துளசிக்கு எவ்வளவு தண்ணீர், எல்லாம் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வேணி கார் எடுக்கப் போன சமயத்தில் கேட்டேன். "உலகு, அக்டோபருக்கு அப்புறம்..."

"கேக்காதீங்க," என்றாள். "எனக்கே இன்னும் தெரியல. இப்பக் கேட்டா உங்க மனசுக்காக ஏதாவது பொய் சொல்லணும். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இனிமே அது வேண்டாம்."

தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினேன்.

விமானம் கிளம்பும் முன் பணிப்பெண் கையில் பட்டியலோடு வந்து நின்றாள். பக்கத்து இருக்கை என் மனைவி பெயரில் இருக்கிறதே, அவர் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வரவில்லை என்றேன். ஐயோ, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். சின்னப் பெண், உண்மையாகவே கவலைப்பட்டாள். ஆமாம் என்று தலையசைத்திருந்தால் பேச்சு முடிந்திருக்கும்.

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கா. என்னோட வரப் பிடிக்கலை," என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவள் பட்டியலை மடித்துக்கொண்டாள். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.